பழைய தேக்குச் சாமானுக்குப் பெயிண்டா, பாலிஷா, தித்சியா?

யாங்கோனில் நம்மவர் வீடுகள் பலவற்றில் பழைய தேக்குச் சாமான் ஏதாவது ஒன்று இருக்கும். தாத்தா காலத்து இரட்டைக் கதவு அலமாரி, கை நீண்ட சாய்வு நாற்காலி, சாய்ந்த மூடி வைத்த கணக்குப் பெட்டி, கடையை மூடியபோது வீட்டுக்கு வந்து சேர்ந்த மேசை. நகரின் நடுவிலுள்ள பழைய குடியிருப்புகளில் மாடிப்படி குறுகல். அலமாரியை இறக்க வேண்டுமென்றால் கழற்றித்தான் இறக்க வேண்டும். அதனால் அது நின்ற இடத்திலேயே வருஷக்கணக்காகக் கறுத்துக்கொண்டு நிற்கிறது.

இப்போது பிள்ளைகள் போனில் படம் காட்டுகிறார்கள். வெளிர் நீலம், மங்கிய வெள்ளை, பாசிப்பச்சை என்று அடித்து, ஓரங்களை மட்டும் தேய்த்து உள்ளே இருக்கும் மரம் தெரியும்படி விட்ட சாமான்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பெரியவர்களோ தேக்கின் மேல் பெயிண்ட் பூசுவதா என்று பதறுகிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. ஆனால் அந்த நியாயம் எல்லாச் சாமானுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. ரசனையை வைத்து முடிவெடுப்பதற்கு முன்னால் மூன்று விஷயம் பார்க்க வேண்டும்: அது என்ன மரம், வீட்டில் அது செய்கிற வேலை என்ன, இன்று செய்வதை இருபது வருஷம் கழித்து யாராவது மாற்ற நினைத்தால் மாற்ற முடியுமா. மூன்றாவதைத்தான் நான் முதன்மையாக நினைக்கிறேன்.

முதலில் மரம். கறுப்பாக, கனமாக இருப்பதெல்லாம் தேக்கு ஆகிவிடாது. டிராயரை முழுதாக வெளியே இழுத்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பாலிஷ் ஏறியிருக்காது. தெரியாத ஒரு மூலையில் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் தேக்கு பொன்னிறப் பழுப்பாக வெளிப்படும், தோல் போன்ற ஒரு வாசனை வரும், விரலில் எண்ணெய்ப் பசை போல உணர்வு இருக்கும். சிவப்புத் தூள் கொட்டினால் அது பெரும்பாலும் படாக் என்ற சிவப்பு மரம். தூக்கினால் இரும்பாகக் கனத்தால் பியின்கடோ என்ற கடின மரமாக இருக்கலாம். பக்கவாட்டில் தாள் தாளாக அடுக்குத் தெரிந்தால் பிளைவுட், மேலே தேக்குத் தகடு மட்டும் ஒட்டியிருப்பார்கள். பழைய அலமாரிகளில் கதவும் சட்டமும் தேக்காக இருந்து, முதுகுப் பலகை மட்டும் மட்டமான மரமாக இருப்பதும் உண்டு. கரையான் அங்கேதான் முதலில் ஏறும். தேக்கின் வைரப் பகுதியில் இயற்கையாகவே கரையானுக்கு ஆகாத பொருள்கள் இருக்கின்றன. வெளிப்புறத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு கிடையாது.

பழைய பர்மா தேக்கை ஏன் இவ்வளவு மதிக்கிறோம் என்பதற்குக் காரணம் உண்டு. பிரிட்டிஷ் காலத்தில் வனத்துறை வழக்கப்படி, வெட்டுவதற்கு மூன்று வருஷம் முன்பே மரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளைப் பகுதியையும் வளையமாக வெட்டிவிடுவார்கள். மரம் நின்ற நிலையிலேயே காய்ந்துவிடும். பச்சைத் தேக்கு ஆற்றில் மிதக்காது, காய்ந்தது மிதக்கும், அதற்காகச் செய்த ஏற்பாடு அது. காட்டில் மெதுவாக வளர்ந்த மரம், நின்றே காய்ந்தது, பிறகு ஆற்றில் வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட பலகை முறுக்காது, வெடிக்காது. இன்று தோட்டத்தில் வேகமாக வளர்த்த தேக்கில் அந்த நெருக்கமான ரேகை பெரும்பாலும் கிடைக்காது. மியான்மர் அரசு உருட்டு மர ஏற்றுமதியை 2014 ஏப்ரலில் நிறுத்தியது. பழைய தேக்கு இனி பழைய சாமானில்தான் என்று வைத்துக்கொண்டால் அதிகம் தப்பில்லை.

அடுத்தது, மேலே இப்போது என்ன பூச்சு இருக்கிறது என்பது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு மறைவான இடத்தில் வைத்து ஒரு நிமிஷம் பொறுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அது ஷெல்லாக் எனும் அரக்கு பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் தின்னருக்கு இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் வார்னிஷாக இருக்கலாம். பாட்டி காலத்துச் சாமான் பெரும்பாலும் அரக்குதான். இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டு எந்த வேலையையும் தொடங்காதீர்கள்.

இனி வழிகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் எளிமையானது துடைப்பது. அந்தக் கறுப்பு மரத்தின் நிறம் என்று நினைத்துக்கொண்டிருப்போம். பாதிக்கு மேல் அது விளக்குப் புகை, கைவியர்வை, பல வருஷமாகத் தடவிய மெழுகு, சமையல் எண்ணெய் ஆவி. டர்பென்டைன் தொட்ட துணியால் சிறிது சிறிதாகத் துடைத்தால் துணி காப்பி நிறத்தில் வரும், மரம் சிவந்து கிளம்பும். அப்புறம் தேன்மெழுகு பாலிஷ் மெல்லியதாகத் தடவி மென்துணியால் தேய்த்தால் போதும். பெயிண்ட் அடிக்கலாம் என்று எண்ணியவர்கள் பலரும் இதைச் செய்துவிட்டு அந்த எண்ணத்தையே விட்டுவிடலாம். செலவு மிகக் குறைவு, எதையும் கெடுப்பதில்லை. அதனால் எந்த முடிவுக்கும் முன்னால் ஒரு கதவை மட்டுமாவது துடைத்துப் பாருங்கள் என்பேன். ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் பயன்படுத்தினால் நனைந்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. அது காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப் போடுங்கள், இல்லை தண்ணீரில் முக்கி வையுங்கள்.

துடைத்தும் தீராத அளவுக்குப் பாலிஷ் உரிந்து போயிருந்தால் அரக்கு பாலிஷைப் புதுப்பிக்கலாம். அரக்கின் பெரிய குணம், புதிய பூச்சு பழைய பூச்சைக் கரைத்து அதோடு ஒன்றாகிவிடும். அதனால் பழசை முழுதாகச் சுரண்ட வேண்டியதில்லை. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் துணிப்பந்தில் எடுத்து மெல்லிய பூச்சாகப் பல முறை ஏற்றினால் ஆழமான பளபளப்பு வரும். கை பழகிய ஆசாரி செய்தால் அந்த அழகுக்கு வேறெதுவும் ஈடில்லை. குறை என்னவென்றால் நம் மழைக்காலம். மே முதல் அக்டோபர் வரை காற்றில் இருக்கும் ஈரம் பூச்சுக்குள் சிக்கி, பால் ஊற்றியது போல வெண்மை படரும். சூடான பாத்திரத்தையும் தண்ணீர் டம்ளரையும் அரக்கு தாங்காது, வட்டம் விழுந்துவிடும். ஆகவே அலமாரிக்கும் கணக்குப் பெட்டிக்கும் இது முதல் தரம், சாப்பாட்டு மேசைக்கு ஆகாது.

எனாமல் பெயிண்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கெட்டியானது, கழுவலாம், எண்ணெய்க்கும் மஞ்சளுக்கும் அசையாது. நம் வீட்டுப் பூஜை அலமாரிக்கு அதுவே சரி. நல்லெண்ணெய் சொட்டும், கற்பூரப் புகை படியும், குங்குமம் கொட்டும், வாரம் ஒரு முறை ஈரத்துணியால் துடைப்போம். அந்த இடத்தில் எந்த நாகரிகப் பூச்சும் ஒரு வருஷம்கூட நிற்காது. பிளைவுட், ரப்பர் மரம், ஏற்கெனவே நாலைந்து கோட் அடித்த சாமான் ஆகியவற்றுக்கும் எனாமல் நல்லது. வெறும் தேக்கின் மேல் மட்டும் நேரே அடிக்காதீர்கள். மரத்து எண்ணெய் பெயிண்டைச் சரியாகப் பிடிக்க விடாது, அப்புறம் செதில் செதிலாக உரியும்.

எல்லாரும் கேட்பது சாக் பெயிண்டைப் பற்றித்தான். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் ஆனி ஸ்லோன் என்ற அம்மையார் 1990-இல் உருவாக்கிய வகை அது. பளபளப்பே இல்லாமல் சுண்ணாம்பு அடித்த சுவர் போல மங்கலாக நிற்கும், பழைய பாலிஷின் மேலேயே பிடிக்கும், சீக்கிரம் காயும், காய்ந்த பிறகு உப்புத்தாளால் சுலபமாகத் தேயும். தேய்ந்த தோற்றம் தருகிறவர்களுக்கு அந்தக் கடைசிக் குணம்தான் வேண்டும். எனாமலைத் தேய்த்தால் பிசிறு பிசிறாகக் கிழியும், இது பொடியாக உதிரும்.

டப்பா கிடைக்காவிட்டால் வீட்டிலேயே கலக்கலாம். ஒரு பங்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸை ஒரு பங்கு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மூன்று பங்கு எமல்ஷன் பெயிண்டில் ஊற்றிக் கலக்குங்கள். அன்றைக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்க வேண்டும், நேரம் போனால் இறுகிவிடும். கடையில் வாங்கியதன் நயம் இதில் வராது, ஆனால் ஒரு முக்காலிக்கோ கண்ணாடிச் சட்டத்துக்கோ தாராளமாகப் போதும்.

இங்கே பலரும் ஒரு காரியத்தைத் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயிண்ட் நன்றாகப் பிடிக்கட்டும் என்று மெஷின் வைத்துப் பழைய பாலிஷ் அத்தனையையும் வெறும் மரம் வரைக்கும் இழைத்துவிடுகிறார்கள். தேக்கு பெரிய துளைகள் உள்ள மரம். வெறும் மரத்தில் அடித்த பெயிண்ட் அந்தத் துளைக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். பின்னால் எவ்வளவு சுரண்டினாலும் ரேகைக்குள் வெள்ளைக் கோடுகளாகத் தங்கும். பழைய அரக்கு மேலே இருந்தால் பெயிண்டுக்கும் மரத்துக்கும் நடுவே அது ஒரு திரை. நாளைக்கு உங்கள் மகளோ பேரனோ தேக்கைத் திரும்பப் பார்க்க ஆசைப்பட்டால் ஸ்பிரிட் வைத்து அரக்கை இளக்கினால் பெயிண்டும் சேர்ந்து கழன்று வரும். ஆகவே துடைத்து, மிக நைசான உப்புத்தாளால் லேசாக உரசி, பாலிஷ் தேய்ந்துபோன இடங்களில் மெழுகு நீக்கிய அரக்கு ஒரு கோட் அடித்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு லாபமும் உண்டு. தேக்கின் பழுப்பும் படாக்கின் சிவப்பும் வெள்ளைப் பெயிண்ட் வழியாக மேலே கசிந்து கறையாகும். அரக்கு அதைத் தடுத்துவிடும்.

தேய்ப்பதில்தான் ரசனை வேலை செய்கிறது. எல்லா ஓரத்தையும் ஒரே அளவில் தேய்த்தால் பொய் பளிச்சென்று தெரியும். ஒரு அலமாரி உண்மையில் எங்கே தேய்கிறது என்று யோசித்துப் பாருங்கள். கைப்பிடியைச் சுற்றி, சாவித் துவாரத்தின் கீழே, டிராயரின் மேல் விளிம்பில், துடைப்பம் இடிக்கும் கால்களில், நாற்காலியானால் கை முனையிலும் கால் வைக்கும் குறுக்குக் கட்டையிலும். அங்கே மட்டும் தேயுங்கள். கதவின் நடுப்பலகையைத் தொடாதீர்கள், அங்கே யார் கையும் படுவதில்லை. பெயிண்ட் அடிப்பதற்கு முன் அந்த இடங்களில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து வைத்தால் பெயிண்ட் பிடிக்காமல் பின்னால் தானே உரிந்து வரும், உப்புத்தாளை விட இயல்பான ஓரம் கிடைக்கும். ஈரத்துணியால் தேய்ப்பது இன்னும் மென்மை, தூசியும் பறக்காது. இரண்டு நிறம் வேண்டுமானால் கீழே கருஞ்சிவப்பு, மேலே வெளிர் நிறம் அடித்துத் தேய்க்கலாம். மேலே வெடிப்பு விட்டது போல் ஆக்கும் பசை வேலையை நான் விரும்புவதில்லை. வெடிப்புக்குள் அழுக்கு சேர்ந்து, நம் ஈரத்தில் பூசணம் பிடிக்க இடம் கொடுக்கும்.

சாக் பெயிண்டின் பலவீனம் அதன் வாய். எதையும் உறிஞ்சும். மூடிப் பூச்சு இல்லாமல் விட்டால் ஒரு மஞ்சள் விரல் பட்டாலே அந்தத் தடம் போகாது. வெளிநாட்டில் மேலே மெழுகு தடவுவார்கள். இங்கே ஏப்ரல் வெக்கையில் மெழுகு இளகித் தூசியை இழுக்கும், மழையில் மங்கும். படுக்கையறை அலமாரிக்கு மெழுகு போதும். மற்றதற்கெல்லாம் தண்ணீரில் கரையும் மேட் வார்னிஷ் இரண்டு கோட் அடிப்பதே நல்லது. கொஞ்சம் மென்மை குறையும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

படங்களில் வராத ஒரு வழியும் இந்த நாட்டில் இருக்கிறது. தித்சி. மா, முந்திரி குடும்பத்தைச் சேர்ந்த ஒரு காட்டு மரத்தைக் கீறி எடுக்கும் பால் அது. காற்றுப் பட்டால் கறுத்துவிடும். பகான் ஊரில் கிண்ணமும் வெற்றிலைப் பெட்டியும் செய்வது இதை வைத்துத்தான். பௌத்த மடங்களில் ஓலைச்சுவடி வைக்கும் பெரிய பெட்டிகளுக்கும் இதைப் பூசித் தங்கத்தாள் ஒட்டுவார்கள். சாம்பலோ மரத்தூளோ கலந்தால் பட்டியாகி விரிசல்களை அடைக்கும். காய்ந்துவிட்டால் தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் அசையாது.

இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. தித்சி காய்வதற்கு ஈரம் வேண்டும். அதனால்தான் பகானில் நிலவறைக்குள் வைத்துக் காய வைக்கிறார்கள். பாலிஷையும் எனாமலையும் கெடுக்கிற அதே மழைக்காலம் இதற்குத் தோது. கறுப்பின் மேல் சிவப்பு ஏற்றிய சாமான் வருஷக்கணக்கில் கைபட்டுத் தேயும்போது விளிம்பில் கறுப்பு எட்டிப்பார்க்கும். உப்புத்தாளால் அவசரமாக வரவழைக்கப் பார்க்கும் அந்தத் தோற்றம் அங்கே காலத்தின் கையால் வருகிறது. எனக்கு இதன் மேல் பெரிய மதிப்பு.

ஆனால் இது வீட்டில் செய்கிற வேலை இல்லை. பச்சைத் தித்சி தோலில் பட்டால் பலருக்குக் கடுமையாகத் தடித்து அரிக்கும். ஒவ்வொரு பூச்சும் காயப் பல நாள் ஆகும், பூச்சுகள் பல வேண்டும், பழகிய கை வேண்டும். ஒருமுறை ஏறினால் இறங்கவும் இறங்காது. ஆகவே பெரிய அலமாரிக்கு இதை நினைக்காதீர்கள். உடைந்த கணக்குப் பெட்டி, தாம்பூலப் பெட்டி, பீடம் போன்ற சிறிய சாமானாக இருந்து, தொழில் தெரிந்தவரும் கிடைத்தால் கொடுக்கலாம்.

சரி, எதற்கு எது? நல்ல தேக்கு, அரக்கு பாலிஷ் இன்னும் பாதியாவது இருக்கிறது என்றால் துடைத்து அரக்கு ஏற்றுங்கள். பெயிண்டை மறந்துவிடுங்கள். அதன் தேய்மானம் உண்மையான தேய்மானம், அதை மூடிவிட்டு மேலே பொய்யாக ஒன்றை வரைவதில் எனக்கு உடன்பாடில்லை. தேக்குத்தான், ஆனால் பலகை மாற்றி, பட்டி வைத்து, வேறு மரம் ஒட்டி ஏழு நிறமாக இருக்கிறது என்றால் சாக் பெயிண்ட் அதற்கு ஒரு மரியாதை. இருட்டு அறையில் ஆள் உயரக் கறுப்பு அலமாரி மூச்சு முட்ட வைக்கிறது, பிள்ளைகள் அதைத் தரகரிடம் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்றாலும் பெயிண்ட் அடியுங்கள், அரக்குத் திரையை மட்டும் விட்டு வையுங்கள். வெளிர் நிறம் பூசி வீட்டிலேயே நிற்கிற அலமாரி, விற்றுப் பலகையாகப் பிரிந்துபோன அலமாரியை விட நல்ல நிலையில்தான் இருக்கிறது. பெரியவர்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

பிரம்பு பின்னிய சாய்வு நாற்காலியில் சட்டத்துக்கு என்ன வேண்டுமானாலும் செய்யலாம், பிரம்பில் மட்டும் பெயிண்ட் வேண்டாம். உட்காரும்போது பிரம்பு வளைய வேண்டும். மேலே இறுகிய பெயிண்ட் வளையாமல் வெடித்துக் குத்தும். பழைய தொட்டில், குழந்தைக் கட்டில் போன்றவற்றில் ஏற்கெனவே பல கோட் பெயிண்ட் இருந்தால் மிகுந்த கவனம் தேவை. அந்தக் காலத்துப் பெயிண்டுகளில் ஈயம் கலப்பது சாதாரண வழக்கம். அதை உலர்வாகத் தேய்த்தால் தூள் மூச்சில் போகும், தரையில் படியும், தவழ்கிற பிள்ளையின் வாய்க்குப் போகும். தேய்ந்த தோற்றம் என்ற பேச்சே அதற்குக் கூடாது. குழந்தை படுக்கிற சாமானாக இனி அதைப் பயன்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு.

காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தித்சியைத் தவிர எல்லாவற்றையும் தீபாவளி கழிந்து தைப்பூசத்துக்குள் செய்து முடியுங்கள். காற்று வறண்டு, வெக்கை ஏறாத மாதங்கள் அவை. அவசரமாக மழையில் செய்தே ஆக வேண்டுமென்றால் சாக் பெயிண்ட் ஓரளவு பொறுக்கும். கோட்டுக்கு நடுவே ஒரு நாள் முழுதாக விடுங்கள்.

வேலை தொடங்குமுன் கீலையும் கைப்பிடியையும் கழற்றி, எந்தக் கதவுக்கு எது என்று துணியில் முடிந்து வையுங்கள். பழைய பித்தளைக்குப் பெயிண்ட் வேண்டாம், புளி போட்டுத் துலக்கினால் போதும். அலமாரியின் உட்பக்கத்துக்கு எனாமலோ எண்ணெய் வார்னிஷோ ஒருபோதும் அடிக்காதீர்கள். மூடிய இடத்தில் அந்த வாசனை மாதக்கணக்கில் போகாது, பட்டுப்புடவை முழுதும் ஏறிவிடும். உள்ளே வெறும் மரமாக விடலாம், இல்லை அரக்கு ஒரு கோட். வெளியே சாக் பெயிண்டும் வார்னிஷும் கைக்குக் காய்ந்தாலும் உள்ளே இறுக மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை மேலே கனமான எதையும் வைக்காமல், கதவுகளைத் திறந்தே விட்டு வையுங்கள்.